என் வேட்டி காய்ந்த ஒயர்

மகனே,

‘அன்புள்ள’ என்று தொடங்குவதாக இல்லை. அது தானாக வந்து விழவேண்டிய வார்த்தை. இந்த மாதம் விழவில்லை. ‘கண்ணு’ என்று கூப்பிடலாமா என்று பார்த்தேன், அதற்கும் கை ஓடவில்லை. ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, ஆடி மாதத்தில் பெங்களூரிலிருந்து பேசி, “பூங்கொடி இணைச்சீருக்கு நிக்கலைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்ப்பா” என்று சொல்லிவிட்டுப் பட்டென்று போனை வைத்தாயே, அந்தப் பிள்ளைக்குத்தான் எழுதுகிறேன். இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்கப்போவதில்லை. நம் மோட்டார் ரீவைண்டிங் சங்கத்து மாத மலரின் கடைசிப் பக்கத்தில், எட்டு வருஷமாக நான் ஜோக்கு எழுதுகிற அதே பக்கத்தில், கணபதியிலும் பீளமேட்டிலும் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் டீக்கடையில் விரித்துவைத்துப் படிக்கிற மாதிரி இது வரும். எதற்காக அப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். என் இஷ்டத்துக்கு எழுதவில்லை என்பதை மட்டும் இப்போதே தெரிந்துகொள்.

உன்னோடு கூடப் பிறந்த பெண் கிடையாது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் அது ஒரு குறை. மாப்பிள்ளைக்கு அக்காவோ தங்கையோ ஒருத்தி அவனுக்கு இணையாக நிற்கவேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். அதுதான் இணைச்சீர். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் முறைக்குத் தங்கையாக இருக்கிறவள் நிற்கலாம். அதற்கு அந்தியூரிலிருந்து உன் பெரியம்மா மகளை வரச்சொல்லி, அவளுக்குச் சேலைகூட எடுத்தாகிவிட்டது. நீ கேட்கிற பூங்கொடி யார்? என் கூடப் பிறந்த தம்பியின் மகள். நம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். சுவரைத் தாண்டி ஒரு சொம்புத் தண்ணீர்கூட எட்டு வருஷமாகப் போனதில்லை, வந்ததில்லை என்று நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தண்ணீர் போகவில்லைதான். நீ என்ன அனுப்பியிருக்கிறாய் என்று போன வாரம்தானே தெரிந்தது.

அந்தப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து வருகிறேன். கடைக்குக் கொட்டேஷன் அடிக்க ஆசையாக வாங்கிய ஃபோர் எயிட்டி சிக்ஸ். நீ புதுசு ஒன்று வாங்கி முன்னறையில் வைத்தபோது, பழசைக் காயலாங்கடைக்குப் போடுகிறேன் என்றேன். “வேண்டாமுங்ப்பா, அட்டாலில கெடக்கட்டும். சும்மாதானுங்களே கெடக்குது” என்றாய். அட்டாலிப் பரணில் பித்தளை அண்டா சும்மா கிடக்கிறது, உன் தொட்டில் கம்பி சும்மா கிடக்கிறது, இதுவும் கிடக்கட்டும் என்று விட்டேன். அப்புறம் நீ பெங்களூருக்கு வேலைக்குப் போனாய். போகும்போது, “முன்னறைக் கம்ப்யூட்டர்ல எதையாச்சும் கேட்டீங்கன்னா போன் தானா டயல் பண்ணிக்கும். நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம்” என்றாய். என் பிள்ளை எனக்காக எவ்வளவு சுலபமாகச் செய்துவைத்திருக்கிறான் என்று சங்கத்தில் நான் அடித்த பெருமைக்கு அளவே இல்லை. மஸ்கட்டில் இருக்கும் என் பள்ளிக்கூட சிநேகிதனுக்குத் தினமும் மெயில் போட்டு, அவன் தெருவில் எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் அம்மா சாயங்காலமானால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உன் மெயிலுக்காக உட்கார்ந்துவிடுவாள்.

சில மாதங்கள் கழித்துத்தான் கோளாறு எனக்குத் தட்டுப்பட்டது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிறேன். உன் அம்மா அடுப்படியில். முன்னறைக் கம்ப்யூட்டருக்குத் துணிபோட்டு மூடியிருக்கிறது, சுவிட்சு அணைந்திருக்கிறது. எங்கிருந்தோ ‘கீ…’ என்று ஒரு சத்தம். பிறகு தொண்டையில் கோழை கட்டினவன் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். போனை எடுத்தால் காதுக்குள் அதே இரைச்சல். வைத்துவிட்டுப் படுத்தால் அரைமணி நேரம் கழித்து மறுபடியும். மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், “ஏனுங்கண்ணா, எப்பக் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுங்களே, யாருகிட்டங்க அப்படிப் பேசறீங்க?” என்று ஒரு மாதிரியாகச் சிரிக்கத் தொடங்கினார்கள். இந்த வயதில் எனக்கு இப்படியொரு பெயர். உன் அம்மாவிடம் சொன்னால், “எலியா இருக்கும்” என்றாள். எலி டயல் செய்யுமா என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. நான் அப்படிப்பட்ட புத்திசாலி.

யாரோ கம்பத்திலிருந்து நம் லைனைத் திருடுகிறான் என்று முடிவுகட்டி லைன்மேனைக் கூட்டிவந்தேன். அவர் கம்பத்தில் ஏறினார், இறங்கினார், வாசலில் இருக்கும் டப்பாவைத் திறந்து பார்த்தார், ஒரு டம்ளர் மோர் குடித்தார். “லைன் சுத்தமா இருக்குதுங்ண்ணா. திருடறவன் வெளிய இல்லீங்க. உங்க ஊட்டுக்குள்ளயேதான் இருக்கறான்” என்றார். அவருக்கு முன்னால் எனக்கு மானம் போயிற்று. அவரை அனுப்பிவிட்டு, டெலிபோன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன். அது சுவரோரமாகப் போய், காலண்டருக்குப் பின்னால் மறைந்து, அட்டாலிக்கு ஏறியது. ஏணியைப் போட்டு ஏறினேன். அண்டாவை நகர்த்தினேன், தொட்டில் கம்பியை நகர்த்தினேன். அதற்குப் பின்னால், நான் செத்துப்போனது என்று நினைத்திருந்த ஃபோர் எயிட்டி சிக்ஸ், பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. முகம் காட்டுகிற திரை இல்லை, பொத்தான்பலகை இல்லை, ஹார்ட் டிஸ்குகூட இல்லை என்று பிறகுதான் சொன்னாய். ஒரே ஒரு பிளாப்பியை முழுங்கிவிட்டு வேலை செய்கிறதாம். பக்கத்தில் மோடம். அதுதான் அந்தக் கொப்பளிப்புக்காரன். தோட்டத்தில் ஒரே வாய்க்காலில் வருகிற தண்ணீரை மடை திருப்பிப் பாத்திகளுக்கு விடுகிற மாதிரி, ஒரே போன் லைனை வாங்கிப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலையை அந்தப் பழசுக்குக் கொடுத்திருக்கிறாய். அதற்கு ரூட்டர் என்று பேர். சரி. நம் வீட்டில் இருப்பது ஒரே பாத்தி. அப்புறம் மடை எதற்கு?

அதன் முதுகிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் முன்னறைக்கு இறங்கியது. அது எனக்குத் தெரிந்தது. இன்னொரு கறுப்பு ஒயர் வெண்டிலேட்டர் வழியாக வெளியே போனது. அது எனக்குத் தெரியாதது. இறங்கி, கொல்லைப்புறம் போய் அண்ணாந்து பார்த்தேன். வெண்டிலேட்டரிலிருந்து வந்த ஒயர், உன் அம்மா துணி காயப்போடும் கொடியோடு கொடியாக, அடிக்கொரு முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டு, சுவர்வரை போய், பழைய தண்ணீர்க் குழாய்க்குப் போட்ட ஓட்டைக்குள் புகுந்து, அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தக் கொடியின் நடுவில், அந்த ஒயரின் மேல், என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் பனியன். இருபத்தைந்து வருஷம் செப்புக் கம்பி சுற்றினவன் நான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, கம்பி எந்த கேஜ் என்று சொல்வேன் என்று பந்தயம் கட்டுகிறவன். ஒரு வருஷமாக அந்த ஒயரில் என் வேட்டியை நானே விரித்து, நானே கிளிப்பு மாட்டியிருக்கிறேன். “கொடி ஏன் இப்படித் தடியா இருக்குது?” என்று ஒருமுறை கேட்டேன். “அந்துபோகாம இருக்கறதுக்கு” என்றாள் உன் அம்மா. நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூங்கொடியின் குரல் கேட்டது, யாருக்கோ எதையோ படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சரவணம்பட்டியில் இன்ஜினியரிங் படிக்கிறாளாமே, காலேஜுக்கென்று வாங்கின கம்ப்யூட்டரில் வந்த சமாச்சாரம் போலிருக்கிறது. என் போன், என் லைன், என் அட்டாலி. பாடம் மட்டும் அவளுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அந்த ஒயரைப் பிடித்து ஒரே இழு. சுவருக்கு அந்தப் பக்கம், “அம்மா, லைன் போயிருச்சு!” என்று சத்தம் வந்தது. இந்தப் பக்கம் உன் அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். “தெரியுமா உனக்கு?” என்றேன். “முடிச்சுப் போட்டதே நான்தான்” என்றாள். ஒரு ‘ங்க’ கிடையாது, ஒரு பயம் கிடையாது. அவளே போய் உனக்கு டயல் செய்து, ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு நாம் பேசினதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அச்சில் ஏறட்டும்.

“ஏனுங்ப்பா, ஒயரைப் புடுங்கிப்போட்டீங்களாமா?”

“என்ற ஊட்டு ஒயரு, நான் புடுங்கறேன். உனக்கென்ன?”

“பாதிதானுங்க உங்க ஊட்டுது. மீதி சித்தப்பன் ஊட்டுல இருக்குது.”

“யாரைக் கேட்டு இழுத்தே?”

“உங்களைக் கேட்டா உட்டிருப்பீங்களா?”

“உட்டிருக்க மாட்டேன்.”

“அதனாலதானுங்க கேக்கலை.”

அதற்குப் பிறகுதான் நீ இணைச்சீர்க் குண்டைப் போட்டாய். அந்தியூர்ப் பெண்ணை நீ வாழ்க்கையில் மூன்று தடவை பார்த்திருக்கிறாயாம். பூங்கொடியோடு ஒரு வருஷமாகத் தினமும் மெயிலில் பேசுகிறாயாம், அவள்தான் உன் தங்கச்சியாம். ஒயரைத் திரும்ப மாட்டுங்கள், நேராகச் சித்தப்பன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் சத்திரத்துக்கு நான் வரமாட்டேன் என்றாய். பெற்றவனுக்குப் பிள்ளை போடுகிற உத்தரவு. நான் என் அப்பாவிடம் இப்படிப் பேசியிருந்தால், பேசின வாயோடு வீடு திரும்பியிருக்க மாட்டேன்.

ஒயரைத் திரும்ப மாட்டினேன். உனக்காக இல்லை. என் வீட்டிலேயே இன்டர்நெட் செத்துவிட்டது, அதனால். மஸ்கட்காரன் அவன் எதிர்வீட்டுக் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தான். உன் அம்மா அணைந்த திரைக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைக் குத்திக்காட்டவென்றே தினமும் உட்கார்ந்தாள். மாட்டியும் வேலை செய்யவில்லை. மறுபடி உனக்குப் போன் போட்டால், “ரெண்டு முனையிலயும் சின்னதா ஒரு பித்தளை மூடி இருக்கோணுமுங்ப்பா. ஒரு முனைல மூடி இல்லீன்னாலும் மொத்த ஒயரும் செத்துப்போயிரும். அந்த முனை மூடியை யாரோ கழட்டீட்டாங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கழற்றினது யார் என்று எனக்குத் தெரியாதா? உன் சித்தப்பனும் சித்தியும் அதுவரை அதைக் கேபிள் டிவி ஒயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். பூங்கொடி அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள். என் தம்பியும் கம்பி சுற்றுகிறவன்தான். அண்ணனுக்குக் கொடி, தம்பிக்குக் கேபிள் டிவி. எங்கள் அப்பா இரண்டு பேருக்கும் தொழில் கற்றுக்கொடுத்த அழகு அப்படி. நான் இழுத்ததும் பூங்கொடி அழுதிருக்கிறாள், விஷயம் வெளியே வந்திருக்கிறது, லைன் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் உன் சித்தி அந்த மூடியைத் திருகி எடுத்துவிட்டாள்.

இனிமேல் எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். இந்த மலரை எட்டு வருஷமாகப் படிக்கிறவர்களுக்கெல்லாம் என் தம்பியின் தென்னைமரம் தெரியும். பாகம் பிரித்தபோது அந்த மரம் அவன் பக்கம் போனது, சாய்ந்தது என் பக்கம், காய் என் தலையில் விழுந்தது, விழுந்த காய் யாருடையது என்று சண்டை, அதில்தான் பேச்சு நின்றது என்று விதவிதமாக எழுதியிருக்கிறேன். ஆண்டுவிழாவில் மேடையேறி நடித்தே காட்டியிருக்கிறேன். நன்றாகச் சிரித்தீர்கள். அந்த மரத்தில் ஒரு காய்கூடக் காய்த்தது கிடையாது. அது மலட்டு மரம்.

நடந்தது வேறு. பாகம் பிரித்தபோது டெலிபோன் என் பக்கம் வந்தது. அப்போதெல்லாம் போனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கவேண்டும். கடை ஒன்றாக இருந்த காலத்து நம்பர் என்பதால் தம்பிக்கு வருகிறவையும் இங்கேதான் வரும். முதலில் சுவரோரம் நின்று, “டேய், போனு!” என்று கத்துவேன், அவன் சுவரேறிக் குதித்து வருவான். சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். முடியாது என்றேன். அப்புறம் அவன் கடைக்கு என் கடையைவிட அதிகமாக மோட்டார் வரத் தொடங்கியது. அவனைக் கேட்டு வருகிற போனுக்கு, “வெளிய போயிருக்கறாருங்க” என்று சொல்லப் பழகினேன். பழகினதும் அது சுலபமாகிவிட்டது. அப்படியொரு மத்தியானம் போன் அடித்தது. காரமடையிலிருந்து ஒரு குரல். “சின்னவர் ஊட்டு அம்மணியைச் சித்தெ கூப்பிடுங்க, அவசரமுங்க.” சண்டையில்கூட மரியாதை குறையாத ஊர் இது. நானும் மரியாதையாகச் சொன்னேன்: “அப்படி யாரும் இங்க இல்லீங்க. நம்பர் தப்புங்க.” வைத்தேன். மறுபடி அடித்தது. ரிசீவரை எடுத்து மேஜைமேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அப்புறம் வந்த உன் அம்மா அதைப் பார்த்தாள், எடுத்து ஒழுங்காக வைத்தாள், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

போனில் பேசினது உன் சித்தியின் தம்பி. அவர்கள் அப்பா மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். போன் கிடைக்காமல் ஆள் பஸ் ஏறி வந்து கூட்டிப்போவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு அது அவசரச் சேதி என்று தெரியும், என்ன சேதி என்று தெரியாது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவசரம் என்று தெரிந்தபிறகு மற்றது தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. அந்த வாரத்திலிருந்து என் தம்பி என்னை ‘நீங்க’ என்று பேசத் தொடங்கினான். கூடப் பிறந்தவன் ‘வாங்க, போங்க’ என்று ஆரம்பித்தால் அவ்வளவுதான். அதோடு சுவரேறிக் குதிப்பதும் நின்றது. அவன் போனுக்கு எழுதிப்போடவும் இல்லை. இன்றுவரை அந்த வீட்டில் போன் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். உனக்குப் பயந்துதான். கேட்டைத் திறந்தபோது அவன் வாசலில் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்துவைத்துக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான்.

“வாங்க.”

“வந்தேனுங்க.”

“உக்காருங்க.”

“பரவால்லீங்க, நிக்கறேன்.”

“மழை வருமாட்ட இருக்குதுங்க.”

“ஆமாங்க. காத்துத்தான் பலமா அடிக்குது.”

இப்படியே சாயங்காலம்வரை போயிருக்கும். உன் சித்தி வெளியே வந்தாள். முந்தானை முனையில் ஒரு முடிச்சு. அதைப் பிடித்துக்கொண்டு, “இந்த மூடியைத் தேடீட்டுத்தானுங்களே வந்தீங்க, மாமா?” என்றாள்.

“மூடிக்கில்லீங்க அம்மணி. புள்ளைக்கு. இணைச்சீருக்கு பூங்கொடி வந்து நிக்கோணும்னு கூப்பிடறதுக்கு.”

“போன் வந்தாக் கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லாத ஊடுங்க அது. அங்க என்ற புள்ளைய எதுக்குங்க நிக்க வெக்கோணும்?”

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. நாக்கு உலர்ந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். ஜோக்கு அடிப்பேன். “அந்தத் தென்னைமரம்…” என்று ஆரம்பித்தேன்.

“அண்ணா,” என்றான் என் தம்பி, கையில் சுத்தியல். “இன்னொருக்காத் தென்னைமரம்னு சொன்னீன்னா பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேன்.”

எட்டு வருஷத்தில் அவன் என்னிடம் ‘ங்க’ இல்லாமல் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உன்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. “அன்னிக்குப் போனை எடுத்தது நான்தான். இல்லைன்னு சொன்னதும் நான்தான். ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சதும் நான்தான்” என்றேன்.

உன் சித்தி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “இது எங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க கொரலு என்ற தம்பிக்குத் தெரியாதுங்களா? எங்க கல்யாணத்துல மைக்கைப் புடிச்சுட்டு உடாமப் பேசுனது நீங்கதானுங்களே. நீங்களா ஒருநாள் வாயைத் தொறந்து சொல்லுவீங்களான்னுதானுங்க பாத்துட்டிருந்தேன். இப்பவும் உங்க பையன் முடுக்குனதுக்குத்தான் சொல்றீங்க.”

“ஆமாங்க” என்றேன். அதில் பொய் சொல்ல இடமில்லை.

“எங்ககிட்டச் சொன்னா ஆச்சுங்களா? எங்கப்பன் சாவைத் தேங்காயாக்கி ஊரையே சிரிக்க வெச்சீங்க. வாத்தியாருல இருந்து டீக்கடைக்காரர்வரைக்கும் என்னைப் பாத்து, ‘ஏனுங்க, மரம் காச்சுதுங்களா’ன்னு கேக்கறாங்க. சிரிச்ச அத்தனை பேரும் படிக்கறாப்ல, அதே பக்கத்துல, உங்க மகனுக்கே எழுதுங்க. அச்சுக்குப் போறதுக்கு முந்தி நான் படிக்கோணும். மனசுக்கு ஒப்புச்சுன்னா மூடியைப் போடறேன். புள்ளையும் வந்து நிப்பான்னு வெச்சுக்குங்க. ஒப்பலைன்னா அந்தியூர்ப் புள்ளையவே நிக்க வெச்சுக்குங்க.”

அதுதான் காரணம். உன் மேல் பாசம் பொங்கி எழுதுகிற கடிதம் இல்லை இது. ஒரு பித்தளை மூடிக்காக, சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும், அதற்காக எழுதுகிற கடிதம். உன் மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. நீ செய்தது சரி என்று எழுதிக்கொடுப்பேன் என்று எதிர்பார்க்காதே. நேருக்கு நேர் வந்து, “அப்பா, நீங்க அன்னிக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேட்கத் துணிச்சல் இல்லாமல், அம்மாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, என் தலைக்குமேல், என் வேட்டிக்கு அடியில் ஒயரை ஓட்டினவன் நீ. நான் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் சோறு தின்றேன். நீ ஒயரை இழுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் பெங்களூர் பஸ் ஏறினாய். என் ரத்தம் உன்னிடம் எங்கே ஓடுகிறது என்று இத்தனை நாள் தேடினேன், கிடைத்துவிட்டது. உன்னுடையது நல்ல காரியம் என்பாய். இருக்கட்டும். திருட்டுத்தனமாகச் செய்த நல்ல காரியம் வெளியே வருகிறபோது வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும் என்பதை, நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, உன் அட்டாலியில் எதையாவது மறைக்கிறபோது தெரிந்துகொள்வாய்.

கல்யாணமாகிப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். உன் வீட்டில் போன் அடித்தால் எடு. யாருக்கு வந்தாலும், அவன் உன் குரல்வளையைக் கடித்தவனாக இருந்தாலும், போய்க் கூப்பிட்டுக் கொடு. அப்புறம் வந்து சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சண்டை எங்கும் ஓடிவிடாது. வரப்போகிற பெண்ணிடம், வீட்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லிவை. அவள் உனக்குச் சொல்லாமல் முடிச்சுப் போட்டால், முதல் தப்பு எங்கே இருக்கிறது என்று தேட அட்டாலிக்கு ஏறாதே. கண்ணாடிக்கு முன்னால் போய் நில்.

இதுவரை எழுதினதைத் திங்கட்கிழமை சுருட்டி, அந்தப் பழைய குழாய் ஓட்டையில் செருகினேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கை அதை இழுத்துக்கொண்டது. செவ்வாய் முழுக்கச் சத்தமில்லை. மறுநாள் பூங்கொடி அதே ஓட்டை வழியாகக் காகிதங்களைத் திருப்பிச் செருகினாள். ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் அடித்திருந்தது. “எனக்கு அது அவசரச் சேதி என்று தெரியும்” என்பதற்கு முன்னால் ‘ஒருவேளை’ என்று போட்டிருந்தேன். அந்த வார்த்தையை உன் சித்தி எடுத்துவிட்டாள். நானும் எடுத்துவிட்டேன். வேறு பதில் இல்லை, ஒரு வரி இல்லை.

இன்றைக்கு வியாழன். உன் அம்மா கல்யாணத்துக்கு மஞ்சள் வாங்க டவுனுக்குப் போயிருக்கிறாள். முன்னறைக் கம்ப்யூட்டருக்குத் துணிபோட்டு மூடியிருக்கிறது. நான் தனியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அட்டாலியில், அண்டாவுக்குப் பின்னால், அந்தச் சனியன் ‘கீ…’ என்று கத்தியது. பிறகு கொப்பளித்தது. பிறகு அமைதியாகிவிட்டது, அமைதியானால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அந்தப் பக்கம் மூடி ஏறாமல் அது கத்தாது. நான் எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தியூருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். எடுத்த சேலை அந்தப் பெண்ணுக்கே இருக்கட்டும். நீ ஆவணியில் ஒழுங்காக வந்து சேர். இதைப் படித்துவிட்டு உருகிப்போய் உடனே போன் போடாதே. போட்டாலும் எங்கேஜ்டாகத்தான் இருக்கும். எனக்கு வேலை இருக்கிறது. கையைக் கழுவிவிட்டுக் கொல்லைக்குப் போய், கொடியிலிருந்து என் வேட்டியை எடுக்கவேண்டும். ஆடிக் காற்று பேயாக அடிக்கிறது. ஈர வேட்டியின் கனத்தில் ஒயர் எங்காவது பிய்ந்துபோனால், மறுபடியும் எல்லாரும் என்னைத்தான் சொல்வீர்கள்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா